நாயைப் பற்றிய புகாரின் பேரில் அதிகாரிகள் வீட்டுக்கு வரும்போது: கோலாலம்பூரில் நாய் வளர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

செந்தூல், கெப்போங், ஜாலான் ஈப்போ வட்டாரங்களில் நாய் வளர்க்கும் நம் குடும்பங்களில் பலருக்கு, தங்கள் மீது ஒரு புகார் இருக்கிறது என்பதே அதிகாரிகளின் வேன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. மலாய்ப் படிவங்களை வாசித்துச் சொல்வதற்கும் உடன் நிற்பதற்கும் என்னை அழைத்த வீடுகளில் நான் மீண்டும் மீண்டும் கண்டது ஒன்று உண்டு. நாயை நன்றாகவே வைத்திருக்கும் வீட்டிலும், செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதால் காரியம் கெட்டுப்போகிறது. ஆகவே இந்த வழிகாட்டி வரிசையையே முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. பினாங்கில் இருப்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். அங்கே உங்கள் வட்டாரத்தின் மாநகர் மன்றத் துணைச் சட்டங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. முன்கூட்டியே ஒரே கோப்பில் சேர்த்து வைக்க வேண்டியவை

நடப்பு ஆண்டின் நாய் உரிமம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி பதிவான அட்டை, கருத்தடை செய்திருந்தால் அதற்கான சான்று, கால்நடை மருத்துவரின் அண்மைய ரசீதுகள், நாயின் தெளிவான படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, வீட்டில் இருக்கும் எவரும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வயதான அம்மாவோ பள்ளி விட்டு வந்த பிள்ளையோதான் கதவைத் திறக்கப் போகிறார்கள் என்பதை மனத்தில் கொண்டே அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. உரிமத்தோடு கொடுக்கப்படும் வில்லை நாயின் கழுத்துப்பட்டையில் தொங்க வேண்டும். மேசை இழுப்பறையில் பத்திரமாகக் கிடக்கும் வில்லையால் பயனில்லை. திருமணமாகிப் பூச்சோங்கிற்குக் குடிபோய்விட்ட மகன் பெயரில் உரிமம் இருப்பதும் அடிக்கடி காணும் குறை. நாயை இப்போது பராமரிப்பவர் யாரோ அவர் பெயருக்கு அதை மாற்றிவிடுங்கள்; ஏனெனில் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகிறவர் அவர்தான்.

தடுப்பூசி அட்டையை அதிகாரிகள் அழுத்தமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியது. சரவாக்கில் மனித உயிர்களும் போயின. ஊசி போட்ட தேதியும் மருத்துவரின் முத்திரையும் இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு வாய்வார்த்தையாக உறுதி சொல்வது எடுபடாது.

நாயின் இனத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பிட்புல், அகிதா, ஜப்பானியத் தோசா போன்ற இனங்களை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கே தடை உள்ளது. ராட்வைலர், டாபர்மேன் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தெருவில் கண்டெடுத்து வளர்த்த நாட்டு நாயைப் பெருமைக்காக ‘பிட்புல் கலப்பு’ என்று அதிகாரியிடம் சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மருத்துவரின் அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் சொல்லுங்கள்.

உரிமம் எடுக்கவே இல்லை என்றால் அதை ஒப்புக்கொண்டு, உடனடியாக எடுப்பதாகச் சொல்லுங்கள். இறந்துபோன நாயின் வில்லையை மாட்டிவிடுவதும், பக்கத்து வீட்டு வில்லையை இரவல் வாங்குவதும், அபராதத்தோடு முடியக்கூடிய விஷயத்தை ஏமாற்று வேலையாக மாற்றிவிடும்.

2. முதலில் நாய், பிறகு கேட்

அழைப்பு மணி அடித்ததும் கேட்டைத் திறந்துவிட்டு, பாய்ந்து வரும் நாயின் பின்னால் ஓடுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ‘கட்டுப்பாடில்லாத நாய்’ என்ற புகாரை விசாரிக்க வந்தவரின் கண்முன்னே நாய் சாலைக்கு ஓடினால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பு இராது.

கேட் பூட்டியிருக்கும்போதே, “துவான், துங்கு செக்கெஜாப், சாயா இக்காட் அஞ்சிங் டூலு” (ஐயா, சற்றுப் பொறுங்கள், முதலில் நாயைக் கட்டிவிடுகிறேன்) என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, நாயைக் கயிற்றில் கட்டி, வீட்டின் பின்பக்கம் நிழலான இடத்தில் நிறுத்துங்கள். மலாய் சரளமாக வராத பெரியவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தையாவது முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

நாயைக் குளியலறையிலோ சாமான் அறையிலோ ஒளித்து வைக்காதீர்கள். அதிகாரி அதைப் பார்த்தே ஆக வேண்டும். இருட்டறையிலிருந்து இழுத்து வரப்படும் நாய் நடுங்கிக்கொண்டோ உறுமிக்கொண்டோதான் வரும். பின்சந்து வழியாக அவிழ்த்துவிடுவது இன்னும் ஆபத்தானது: சந்தில் தனியாக நிற்கும் நாயைத் தெருநாயாகக் கருதிப் பிடித்துப் போக முடியும்.

வருகிற அதிகாரிகளில் பலர் முஸ்லிம்கள். நாயின் எச்சில் தங்கள் மேல் படுவதை அவர்கள் தவிர்ப்பார்கள் என்பதால், நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு இடைவெளி விட்டு நிற்பது நாம் காட்ட வேண்டிய மரியாதை.

3. வந்திருப்பவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறார்

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மேலே ஒரு சொல்லும் பேச வேண்டாம். ஒரே நாயைப் பற்றி மூன்று வெவ்வேறு தரப்பினர் உங்கள் வாசலுக்கு வரலாம். ஒவ்வொருவரின் அதிகாரமும் வேறு, அவர்கள் பார்க்க வந்திருப்பதும் வேறு.

முதலாவது, டிபிகேஎல் என நாம் அழைக்கும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் அதிகாரிகள். உரிமம், குரைப்பு, துர்நாற்றம், சாலையில் அவிழ்த்துவிடுதல் ஆகியவை இவர்கள் பார்ப்பவை. இரண்டாவது, கால்நடை சேவைத் துறையின் அதிகாரிகள். விலங்கைத் துன்புறுத்துவதாகவோ கவனியாமல் விட்டதாகவோ புகார் போயிருந்தால், 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின் கீழ் இவர்கள் வருவார்கள். அச்சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கொடுமை நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். மூன்றாவது, அடுக்குமாடி நிர்வாகத்தினர். இவர்களைப் பற்றிக் கடைசிப் பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

இவர்கள் தவிர, விலங்குநலச் சங்கங்களின் தொண்டர்களும் வருவதுண்டு. அவர்கள் அக்கறையோடு வருபவர்கள். மரியாதையாகப் பேசி அனுப்புங்கள். ஆனால் வீட்டுக்குள் நுழையவோ நாயைக் கொண்டுபோகவோ சட்ட அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அதிகார அட்டையைக் காட்டச் சொல்லி, பெயர், துறை, அட்டை எண், வேனின் பதிவு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான அதிகாரி இதற்குக் கோபப்படமாட்டார். ஐயம் இருந்தால், கேட்டைத் திறக்காமலேயே அந்தத் துறையின் அதிகாரபூர்வ எண்ணுக்கு அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். வந்தவர் நீட்டும் எண்ணை நம்பி அழைக்காதீர்கள்.

வீட்டுக்குள் நுழைவதற்கு நீதிமன்ற ஆணை இருக்கிறதா என்று பணிவாகக் கேட்கலாம். ஆனால், ஆணை பெறும்வரை காத்திருந்தால் சான்று அழியும் என்று கருதும் சூழலில், ஆணையின்றியே நுழைவதற்கும் விலங்குநலச் சட்டம் இடமளிக்கிறது. எனவே கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். கேட்டின் குறுக்கே நின்று மறிக்காதீர்கள். கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது தனிக் குற்றமாகிவிடும்.

வீட்டில் பாட்டி மட்டும் தனியாக இருந்தால், குடும்பத்தில் பொறுப்பானவர் வரும்வரை காத்திருக்கவோ வேறு நாள் வரவோ முடியுமா என்று தொலைபேசியில் நீங்களே அதிகாரியிடம் பேசிக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத புகார்களில் இதற்கு அவர்கள் இணங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

4. புகாரின் பொருளைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல்

யார் புகார் செய்தார் என்று கேட்க வேண்டாம். அதைச் சொல்லமாட்டார்கள், கேட்பதால் நீங்கள் பழிவாங்கத் துடிப்பவராகத் தோன்றுவீர்கள். என்ன புகார், எந்தத் தேதி, எந்த நேரம், புகாரின் எண் என்ன என்ற நான்கையும் கேளுங்கள்.

இரவு இரண்டு மணிக் குரைப்பைப் பற்றிய புகாருக்கு, நாயின் சாப்பாட்டையும் ஊசியையும் பற்றி அரைமணி நேரம் விளக்கம் சொன்ன வீடுகள் உண்டு. கேட்காத விஷயங்களுக்கெல்லாம் பதில் சொல்லப் போனால், கேட்டதற்குப் பதில் இல்லாமல் போகும்.

5. இடத்தையும் நாயையும் காட்டும் முறை

அதிகாரி தானாகச் சுற்றிப் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நிற்காமல், நீங்களே முன்நடந்து காட்டுங்கள். ஒரு நாய்க்குச் செய்ய வேண்டியவையாக விலங்குநலச் சட்டம் குறிப்பிடுபவை ஐந்து: ஏற்ற இருப்பிடம், ஏற்ற உணவு, அதன் இயல்பான நடத்தைக்கு இடம், தேவைக்கேற்பப் பிற விலங்குகளோடு சேர்த்தோ பிரித்தோ வைத்தல், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு. இதே வரிசையில் காட்டினால் அதிகாரியின் குறிப்பேட்டில் விடுபடல் ஏற்படாது.

செந்தூலில் ஒரு தொடர் வீட்டில், வந்த அதிகாரி கூண்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு நாயின் அருகே குந்தி உட்கார்ந்து, கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தார். ரோமத்தை விலக்கித் தோலில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சங்கிலியை இழுத்துப் பிடித்து, தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் அது எட்டுகிறதா என்று அளந்தார். எட்டவில்லை. கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தும், நாய்க்கு அது ஒரு முழம் தள்ளி இருந்தது. கூட்டிப் பெருக்கும்போது கிண்ணத்தை நகர்த்தி வைத்தவர் திரும்ப வைக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் எடுக்கப்பட்ட படத்தில் தெரிவது, தண்ணீரை எட்ட முடியாத நாய். ஆகையால் சங்கிலி, கிண்ணம், நிழல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: காலையில் நிழலாக இருக்கும் கார் நிறுத்துமிடம் மாலை நான்கு மணிக்கு வெயிலில் காய்கிறதா என்பதையும் ஒருநாள் நின்று கவனித்துவிடுங்கள். நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டியே வைத்திருப்பது, இயல்பான நடத்தைக்கு இடமில்லை என்ற குறிப்புக்கு நேரே வழிவிடும்.

வாளிகளையும் மறக்காதீர்கள். நாயைக் குளிப்பாட்டப் பிடித்து வைத்த தண்ணீரில் கொசுப்புழு இருந்தால், அது நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும். 500 ரிங்கிட் வரை கம்பவுண்டு (நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்கும் அபராதம்) விதிக்கப்படலாம். நாய்க்காக வந்த வருகை டிங்கிக்கான சம்மனோடு முடிவது வருத்தமான விஷயம்.

அதிகாரி படம் எடுக்கும்போது நீங்களும் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், அந்த நாளில் இடம் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடமும் சான்று இருக்கும்.

6. சொல்லக் கூடாத சில பதில்கள்

“இது எங்கள் நாய் இல்லை, தெரு நாய்தான், சோறு மட்டும் போடுகிறோம்” என்பது நம்மவர்கள் அச்சத்தில் சொல்லும் பதில். அபராதத்திலிருந்து தப்பிக்கும் எண்ணத்தில் சொல்லப்படும் இந்த வார்த்தையே நாயின் உயிருக்கு உலை வைக்கக்கூடியது. உரிமையாளர் இல்லாத நாய் என்று ஆகிவிட்டால், அதைப் பிடித்துப் போவதைத் தடுக்க உங்களுக்கு எந்த உரிமையும் இராது. மறுபக்கம், உங்கள் காம்பவுண்டுக்குள் தூங்கி, உங்கள் தட்டில் சாப்பிடும் நாய்க்கு நீங்கள் பொறுப்பாளர் இல்லை என்பதை அதிகாரியும் எளிதில் ஏற்கமாட்டார். வளர்ப்பது உண்மையானால், வளர்க்கிறேன் என்றே சொல்லி உரிமம் எடுங்கள்.

“இந்த ரோட்டில் எல்லாரும்தானே வளர்க்கிறார்கள்” என்ற பதிலும் வேண்டாம். அது உங்களைக் காப்பாற்றாது. பக்கத்து நாய்களையும் சேர்த்து மாட்டிவிடும்.

தெரியாத கேள்விக்கு, பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் சொன்னால் போதும்.

7. தாளில் கையெழுத்திடும் முன்

நோட்டிஸைப் பெற்றுக்கொண்டதற்காக இடும் கையெழுத்தும், குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலத்தில் இடும் கையெழுத்தும் ஒன்றல்ல. எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேனாவை எடுங்கள். மலாய் வாசிக்க வராதவர்கள், வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியிலாவது அழைத்து வரிவரியாகக் கேட்க வேண்டும். பெற்றுக்கொள்ளவே மறுப்பதால் கெடு நாள் நின்றுவிடாது.

தாளில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தச் சட்டம் அல்லது துணைச் சட்டம், எதைச் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்த அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுதித் தரக் கேளுங்கள்.

வாசலில் ரொக்கமாக எதையும் கட்டாதீர்கள். அபராதம் என்றால் அதற்குச் சீட்டு இருக்கும். முகப்பிலோ இணையத்திலோ கட்டி ரசீது வாங்க வேண்டும். கோப்பிக் காசு, அதாவது லஞ்சம், கொடுத்து முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளியே. இருபது ஆண்டு வரை சிறையும், குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு.

8. கெடுவுக்குள் சரிசெய்து, அதை எழுத்தில் தெரிவித்தல்

குரைப்புப் புகாருக்கு வாய்க்கூடு போட்டு நாள் முழுக்க விடுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாத நாய் உடல்சூடேறி இறந்துபோகக்கூடும், கொடுமைப் புகாருக்கும் அது இடம் கொடுக்கும். முதலில் ஒரு வாரம், எந்த நேரத்தில் எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று குறித்து வாருங்கள். கேட்டின் கம்பி வழியாக நடந்து போகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும் நாய்க்கு, கேட்டின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறைப்பதே பெரிய மாற்றத்தைத் தரும். இரவில் குரைக்கும் நாயை வீட்டுக்குள்ளேயோ பின்கட்டிலோ படுக்கவைத்து, படுக்கும் முன் நன்றாக நடத்திக் கொண்டுவாருங்கள்.

துர்நாற்றப் புகாரில், கழிவைக் குழாய்த் தண்ணீரால் சாலையோரக் கால்வாயில் தள்ளிவிடுவதுதான் பெரும்பாலும் மூலக் காரணமாக இருக்கிறது. பொட்டலம் கட்டிக் குப்பையில் போட்டு, அதன் பிறகு தரையைக் கழுவ வேண்டும். சாலைக்கு ஓடும் நாய் என்றால் கேட்டின் அடி இடைவெளியை அளந்து கம்பி வலை வையுங்கள்; தானியங்கிக் கேட் உள்ள வீடுகளில், கார் நுழையும் நேரத்தில் நாயைக் கட்டும் பழக்கத்தை வீட்டார் எல்லாரும் கைக்கொள்ள வேண்டும்.

சரிசெய்ததும் முன்னும் பின்னுமான படங்களோடு, புகார் எண்ணைக் குறிப்பிட்டு, அதே அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். பலர் வேலையை முடித்துவிட்டு இந்தக் கடிதத்தை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் அதிகாரியின் கோப்பில் குறை தீராததாகவே இருக்கும். அடுத்து ஒரு புகார் போனால் நீங்கள் எச்சரிக்கையை மதிக்காதவராகக் கருதப்படுவீர்கள்.

9. நாயைக் கொண்டுபோவதாகச் சொன்னால்

கயிற்றைப் பிடித்து இழுபறி செய்யாதீர்கள். நாய் மிரண்டு யாரையாவது கடித்துவிட்டால், அதுவரை இல்லாத குற்றச்சாட்டு ஒன்று சேர்ந்துவிடும். எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் காப்பகத்துக்கு, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், மீட்க என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, எடுத்துச் சென்றதற்கான தாளை வாங்குங்கள். நாய் மருந்து சாப்பிடுவதாக இருந்தால் அதையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

அன்றைக்கே கோப்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். மீட்பதற்குக் கொடுக்கப்படும் நாட்கள் குறைவு. ‘திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று வார இறுதியைக் கடத்தியவர்கள் நாயை இழந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்கு மனம் பதறுகிறது. தயவுசெய்து ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

10. கடித்ததாகப் புகார் என்றால்

கடிபட்டவரே முதலில். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தடுப்பூசி அட்டையின் படத்தையும் கூடவே அனுப்புங்கள்.

நாயை ஊருக்கு அனுப்புவதோ யாருக்காவது கொடுத்துவிடுவதோ கூடாது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது உலகளவில் பின்பற்றப்படும் முறை. அந்த நாட்களில் நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதற்கு வெறிநோய் பரப்பும் நிலை இல்லை என்று தெரிந்துவிடும். நாய் காணாமல் போனால், கடிபட்டவர் ஊசிகள் அனைத்தையும் போட்டுக்கொள்ள வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பதைத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு குற்றமாக்குகிறது என்பதால் போலீஸும் விசாரிக்கலாம். இந்நிலையில் வழக்கறிஞரிடம் பேசிய பிறகு வாக்குமூலம் கொடுப்பது நல்லது.

11. கொண்டோவிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள்

இங்கே கெடு மிகவும் குறுகியது. 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் உள்ள 14ஆம் துணை விதியின்படி, பிற வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ விளைவிக்கும் விலங்கை, அல்லது ஊராட்சி விதிகளுக்கு முரணாக வைத்திருக்கும் விலங்கை, நிர்வாகத்தின் எழுத்துபூர்வ நோட்டிஸ் கிடைத்த மூன்று நாட்களுக்குள் கட்டடத்திலிருந்து அகற்ற வேண்டும். தவறினால் நிர்வாகமே அகற்றி, செலவை உங்கள் மேல் போடலாம்.

ஆகவே காவலாளி வாய்மொழியாகச் சொன்னதையும் எழுத்தில் வந்த நோட்டிஸையும் பிரித்துப் பாருங்கள். மூன்று நாள் கணக்கு எழுத்தில் வந்ததிலிருந்துதான் தொடங்கும். வந்த அன்றே நாயை நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ நாய் விடுதியிலோ தற்காலிகமாக விட்டுவிட்டு, அதன் பிறகு வாதாடுங்கள். நாயை உள்ளே வைத்துக்கொண்டு வாதாடும்போது நாட்கள் கழிந்துவிடுகின்றன.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளருக்கு அன்றே தெரிவிக்க வேண்டும், ஏனெனில் செலவுக்கான பில் அவர் பெயருக்கே போகும். தொல்லை என்று எதைக் குறிப்பிடுகிறார்கள், எந்தத் தேதிகளில் நடந்தது, நாயைத் திரும்பக் கொண்டுவர என்ன நிபந்தனை என்று கேட்டு நிர்வாக அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வரவில்லை என்றாலோ நியாயமற்றதாக இருந்தாலோ, அந்த நகலோடு, அடுக்குமாடி நிர்வாகங்களைக் கண்காணிக்கும் கட்டட ஆணையரின் அலுவலகத்தில் புகார் செய்யலாம். அதன் பின்னரும் தீராவிட்டால் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.